வன்னி வெய்யிலுக்கு ஒரு பூ சென்ட்: குறைந்த விலையில் பார்த்துப் பரீட்சித்து வாங்கும் வழி

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு ஃபான்சி கடைக்குள் போய் “மல்லிகை மாதிரி ஏதாவது சென்ட் இருக்கா தம்பி?” என்று கேட்டுப் பாருங்கள். கண்ணாடி அலுமாரியிலிருந்து ஒரு போத்தல் வெளியே வரும். மணிக்கட்டில் ஒரு அடி விழும். “எப்பிடி அக்கா, சுப்பர் வாசம் என்ன?” இவ்வளவும் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்த அரை நிமிடத்தில் மூக்குக்கு வருவது பெரும்பாலும் அல்கஹோலும், எலுமிச்சை, தோடம்பழ வகை மணங்களும்தான். பூ இன்னும் வரவே தொடங்கவில்லை.

விலை குறைந்த சென்ட் என்றால் மோசம் என்று நான் சொல்லமாட்டேன். நல்லதும் இருக்கிறது, தலையிடி தருவதும் இருக்கிறது, இரண்டும் பக்கத்தில் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும். கடைக்குள் மின்விசிறிக்குக் கீழே மணப்பது ஒன்று. மத்தியானம் ஒரு மணிக்குப் பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது உடம்பிலிருந்து வருவது இன்னொன்று. இந்த இரண்டாவதைத் தெரிந்துகொண்டுதான் காசு கொடுக்கவேண்டும். அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். நாளைக்கே கல்யாண வீட்டுக்குப் போகிறவர்களுக்கு இந்த வழி சரிவராது.

‘குறைந்த விலை’ என்று இங்கே நான் வைத்திருக்கும் எல்லை 3,000 ரூபா.

படி 1: முதலில் முற்றத்துப் பூவை மணந்து பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை இது. செலவு இல்லை. ஆனால் ஒருவரும் செய்வதில்லை.

மல்லிகை மொட்டு விரிவது பொழுதுபட்ட பிறகுதான். பின்னேரம் நாலைந்து மொட்டைக் கொய்து ஒரு தட்டில் வைத்துவிட்டு, இருட்டினதும் கிட்டப் போய் மெதுவாக இழுத்து மணந்து பாருங்கள். கொய்த பிறகும் மல்லிகை மணத்தை விட்டுக்கொண்டே இருக்கும். ஒற்றை மணம் என்று நினைத்ததற்குள் பல இருப்பது தெரியும். முதலில் ஒரு தித்திப்பு. பிறகு கனிந்த வாழைப்பழம் மாதிரி ஒன்று. ஓரத்தில் பச்சை இலை. எல்லாவற்றுக்கும் அடியில், சொல்லக் கூச்சமாக இருந்தாலும், இலேசான ஒரு அழுகல் வாடை. அந்த அடிவாடைக்குக் காரணம் இன்டோல் என்ற பொருள். தனியாக எடுத்து மணந்தால் முகத்தைச் சுளிப்பீர்கள். ஆனால் மல்லிகையை உயிருள்ள பூவாகக் காட்டுவதே அதுதான்.

விலை குறைந்த மல்லிகை சென்ட் பல இடங்களில் கவிழ்வது இங்கேதான். இன்டோலைப் பயந்து அறவே எடுத்துவிட்டு, வாழைப்பழத் தித்திப்பு தரும் பென்சைல் அசற்றேற்றை மட்டும் அள்ளிப் போட்டால் கிடைப்பது மல்லிகை அல்ல, கழுவி விட்ட குளியலறை. அதே பொருளைத்தான் தரை துடைக்கும் திரவங்களிலும் சவர்க்காரங்களிலும் மல்லிகை மணத்துக்காகச் சேர்க்கிறார்கள். மூக்கு அதை முன்னரே பழகி வைத்திருக்கிறது. முற்றத்து மல்லிகையை முதல்நாள் இரவு கவனித்து மணந்தவருக்கு, மறுநாள் கடையில் எது இல்லை என்று உடனே பிடிபட்டுவிடும்.

ரோசாவையும் இப்படியே பாருங்கள், ஆனால் காலையில், வெய்யில் ஏறுமுன். அதில் தேன், கொஞ்சம் எலுமிச்சை, கொஞ்சம் மிளகுக் காரம் இருக்கும். வேம்பு பூக்கிற காலமாக இருந்தால் அதையும் விடவேண்டாம். அவ்வளவு மெல்லிய தேன் மணத்தை இந்த விலைக்குள் ஒரு போத்தலிலும் நான் கண்டதில்லை.

ஒன்று சொல்லிவிடவேண்டும். 3,000 ரூபா போத்தலுக்குள் அசல் பூவின் எண்ணெய் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு கிலோ ரோசா எண்ணெய் வடிக்க ஏறத்தாழ 3,000 முதல் 5,000 கிலோ வரை இதழ் வேண்டும். ஒரு கிலோ மல்லிகைச் சாரத்துக்குப் பல இலட்சம் பூ போகும். ஆகவே உள்ளே இருப்பது ஆய்வுகூடத்தில் செய்த மணப்பொருட்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஹெடியோன் என்ற செயற்கைப் பொருள், ஈரக் காற்றில் தூரத்திலிருந்து வரும் மல்லிகை மாதிரி மணக்கும். 1966 இல் வந்த தியோர் நிறுவனத்தின் ‘ஓ சவாஜ்’ சென்ட்டால் பெயர் பெற்ற பொருள் அது. இன்று விலை குறைந்த போத்தல்களிலும் தாராளமாகப் போடுகிறார்கள். நல்லதொரு மலிவு மல்லிகை பெரும்பாலும் அதன் தயவில்தான் நிற்கிறது.

படி 2: பெட்டியை வாசியுங்கள்

பெட்டியின் முன்பக்கத்தில் பூப் படம் இருக்கும். அதைப் பார்க்கவேண்டாம். கீழே சின்ன எழுத்தில் இருப்பதைப் பாருங்கள்.

‘ஓ த துவாலெட்’ என்றால் மணச்சாரம் பொதுவாக 5 முதல் 15 வீதம். ‘ஓ த பர்ஃபம்’ என்றால் 15 முதல் 20 வீதம் வரை. ‘கொலோன்’ 2 முதல் 5. ‘பொடி மிஸ்ட்’ அதிலும் குறைவு. இந்த அளவுகளைக் கட்டாயப்படுத்தும் உலகச் சட்டம் ஒன்றும் கிடையாது, கம்பனிக்குக் கம்பனி மாறும். வீதம் கூடினால் நல்லது என்றும் இல்லை. எங்கள் கோடைக்கு நல்லதொரு துவாலெட் பல நேரம் பர்ஃபமைவிடப் பொருந்தும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

‘நச்சுரல் ஸ்பிறே’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதை இயற்கைப் பூ என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். வாயு அடைக்காத, விரலால் அமுக்கும் பம்ப் போட்ட போத்தல் என்பதுதான் அதன் அர்த்தம்.

விலையை மில்லிலீற்றரால் வகுத்துப் பாருங்கள். 30 மில்லிலீற்றர் 1,800 ரூபா என்றால் மில்லிலீற்றர் 60 ரூபா. 100 மில்லிலீற்றர் 3,000 ரூபா என்றால் 30 ரூபா. கணக்குப்படி பெரியது இலாபம். ஆனால் முதல்முறை வாங்கும் மணத்தில் பெரிய போத்தல் எடுக்கவே கூடாது என்பேன். ஒரு அமுக்கில் ஏறத்தாழ 0.1 மில்லிலீற்றர் வெளியே வரும். 30 மில்லிலீற்றரே ஏறக்குறைய 300 அமுக்கு. நாளுக்கு நாலு அடித்தாலும் இரண்டரை மாதம் ஓடும். அது போதும், பிடிக்குமா பிடிக்காதா என்று தெரிய.

இறக்குமதிச் சாமான் என்றால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அதிகூடிய சில்லறை விலை போட்ட ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

படி 3: கடையில், கடதாசியில்

போகும் நாளில் மணமுள்ள பவுடர், சென்ட், தலையில் பூ எதுவும் வேண்டாம். காலையிலேயே போங்கள். வெய்யிலில் அலைந்து களைத்த மூக்கு எதையும் சரியாகச் சொல்லாது, தடிமன் பிடித்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

பெரிய நகரங்களில் மணம் பார்க்கக் கடதாசித் துண்டு கொடுப்பார்கள். எங்கள் பக்கம் அதை எதிர்பார்க்கமுடியாது. பிள்ளைகளின் சித்திரக் கொப்பித் தாளை விரல் அகலத்துக்கு நீட்டு நீட்டாக வெட்டிக் கொண்டுபோங்கள். தடித்த தாள், மணம் இல்லாதது, உறிஞ்சும். ஒவ்வொரு துண்டிலும் சென்ட்டின் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள், பேனை மைக்கும் வாசம் உண்டு.

எல்லாக் கடையிலும் டெஸ்டர் போத்தல் இருக்காது. வவுனியா பஸார் வீதிப் பக்கம் கொஞ்சம் பெரிய கடைகளில் இருக்கும். புதுக்குடியிருப்பு, மாங்குளம் மாதிரி இடங்களில் பெரும்பாலும் சீல் போட்ட பெட்டிதான். அங்கே கடைக்காரரிடம் நேரே கேட்டால் தவறில்லை: “அண்ணை, மணம் பாக்காமல் வாங்கேலாது. திறந்து வச்ச போத்தல் ஏதும் இருக்கோ?” அடிக்கடி போகிற கடை என்றால் மறுக்கமாட்டார்கள். மறுத்தால் அந்தச் சென்ட் பாவிக்கும் ஆளை ஊருக்குள் தேடுவது நல்லது. பள்ளிக்கூட ஆசிரியை, வங்கியில் வேலை செய்யும் தங்கச்சி, யாராவது ஒருவரிடம் இருக்கும். ஒரு அடி கேட்டால் தரமாட்டார்களா என்ன.

ஒரு சாண் தூரத்தில் வைத்துத் தாளில் ஒருமுறை அடியுங்கள். உடனே மூக்குக்குக் கொண்டுபோகவேண்டாம், அல்கஹோல் பறக்க ஒரு நிமிடம் விடுங்கள். மூன்றுக்கு மேல் ஒரே நாளில் பார்க்காதீர்கள். நாலாவதிலிருந்து எல்லாமே ஒன்றுபோல் தோன்றும். சில கடைகளில் இடையில் மணக்கக் கோப்பிக் கொட்டை நீட்டுவார்கள். அதனால் மூக்கு புதிதாகிறது என்பது வெறும் பேச்சு. வாசலுக்கு வந்து வெறுங்காற்றை இழுத்தால் அதே பலன்தான்.

துண்டுகளைத் தனித்தனிக் கடித உறைகளில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அன்றைக்கு எதையும் வாங்கவேண்டாம். இரவு படுக்கப் போகுமுன் ஒருமுறை, மறுநாள் காலை ஒருமுறை மணந்து பாருங்கள். காலையில் எந்தத் துண்டில் இன்னும் ஏதோ ஒரு நல்ல வாசம் மிஞ்சியிருக்கிறதோ அதுதான் அடுத்த படிக்குப் போகும். பிளாஸ்ரிக் வாடை, எரிந்த சீனி வாடை மிஞ்சினால் அங்கேயே கழித்துவிடலாம்.

படி 4: தோலில், வெய்யிலில்

தாளில் நல்லாக இருந்தது தோலில் மாறும். தோலின் சூடு, எண்ணெய்ப் பசை, வேர்வை எல்லாம் சேர்ந்துதான் கடைசி மணத்தைத் தீர்மானிக்கின்றன. வன்னியில் இது இன்னும் கூட. வெப்பம் கூடக் கூட மணப்பொருட்கள் வேகமாக ஆவியாகும். கோடையில் 33, 34 பாகை போகும் நாளில் ஒரு சென்ட் கொழும்பு ஏசி அறையில் நாலு மணித்தியாலத்தில் சொல்லும் கதையை இங்கே இரண்டு மணித்தியாலத்தில் சொல்லி முடித்துவிடும். அதோடு, எல்லாம் ஒரேயடியாகக் கிளம்புவதால் கனமான சென்ட் வெய்யிலில் ஆளை மூச்சுமுட்ட வைக்கும். துவாலெட் பொருந்தும் என்று மேலே சொன்னதன் காரணம் இதுதான்.

முதலில் ஒவ்வாமை பாருங்கள். முழங்கையின் உள்மடிப்பில் ஒரு சொட்டளவு அடித்து ஒரு நாள் விடுங்கள். சிவந்தாலோ கடித்தாலோ கழுவிவிட்டு அந்தச் சென்ட்டை மறந்துவிடுங்கள். பெட்டியின் பின்னால் லினலூல், லிமொனீன், ஜெரானியோல், சிட்ரோனெலோல் என்று பெயர்கள் இருக்கும். பூ மணத்தில் இவை சாதாரணமாக வருபவை, சிலருக்கு ஒவ்வாதவையும் இவைதான். ஒருமுறை கடித்தால் அந்தப் பெட்டியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்தமுறை ஒப்பிட உதவும்.

ஒன்றும் ஆகவில்லை என்றால் உண்மையான சோதனை. குளித்துத் துவட்டி, மணமில்லாத வஸ்லினை முழங்கை மடிப்பில் மெல்லியதாகப் பூசி, மேலே இரண்டு அடி. காய்ந்த தோலைவிட ஈரப்பசையுள்ள தோலில் சென்ட் கூட நேரம் நிற்கும். தேங்காயெண்ணெய் பூசினால் தேங்காயும் சேர்ந்து மணக்கும், அதனால் சோதனை நாளில் வேண்டாம். மணிக்கட்டு எதற்காக வேண்டாம் என்றால், கை கழுவுகிறோம், காப்பு உரசுகிறது, வெய்யில் படுகிறது. இரண்டு கையையும் சேர்த்துத் தேய்க்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அது முதலில் வரும் மெல்லிய மணங்களை அவசரமாகப் பறக்க வைக்கும்.

இப்போது வழக்கமான வேலைக்குப் போங்கள். சைக்கிளோ, பஸ்ஸோ, வயலோ, சமையலோ, எதுவாக இருந்தாலும்.

பத்து நிமிடத்தில் பூ வந்திருக்கவேண்டும். முதல் நாள் இரவு மணந்த மல்லிகையை நினைத்துப் பாருங்கள்: பச்சை இருக்கிறதா, பழம் இருக்கிறதா, இல்லை வெறும் தித்திப்பா? ஒரு மணித்தியாலத்தில், வேர்வை வந்த பிறகு திரும்பப் பாருங்கள். இதுதான் தீர்ப்பு நேரம். நல்ல பூ சென்ட் வேர்வையோடு சேர்ந்து கொஞ்சம் உப்புப் பட்ட பூவாக இருக்கும், கெட்டது புளித்துப்போகும். புளித்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். மூன்று நாலு மணித்தியாலம் கழித்துப் பெரும்பாலும் கஸ்தூரி வகைச் செயற்கை மணமோ, சந்தனமோ, வனிலாவோ மிஞ்சும். இந்த விலைக்கு அதற்கு மேல் நிற்கவில்லை என்று குறைப்பட முடியாது.

உங்களுக்கு ஒன்றும் மணக்கவில்லை என்றால் போய்விட்டது என்று முடிவுகட்ட அவசரப்படாதீர்கள். ஒரே மணத்தை மூக்கு சீக்கிரம் பழகிவிடும். அதுவும் தவிர, சில கஸ்தூரிப் பொருட்களைச் சிலரின் மூக்கால் பிடிக்கவே முடியாது. அம்மாவிடமோ தங்கச்சியிடமோ கையை நீட்டிக் கேளுங்கள். வீட்டு ஆட்களைப்போல உண்மை சொல்பவர் வேறு யார், “என்ன நாத்தமடி இது” என்று வந்தால் அதுவும் ஒரு விடைதான்.

படி 5: ஒரு முழு நாள் உடுத்திப் பாருங்கள்

இதற்குத்தான் சின்னப் போத்தல், அல்லது யாரிடமாவது வாங்கி 5 மில்லிலீற்றர் ஸ்பிறேக் குப்பியில் நிரப்பியது.

காதுக்குப் பின்னால், கழுத்தின் பின்புறம், முழங்கை மடிப்பு, நெஞ்சுப் பக்கம் உடுப்புக்கு உள்ளே. நாலு அடிக்கு மேல் வேண்டாம். வெய்யில் நேரே படும் இடத்தில் அடிக்கவேண்டாம். பேர்கமொட் என்ற எலுமிச்சை வகை எண்ணெய் உள்ள சென்ட் வெய்யில் பட்ட தோலில் கறுப்புத் தழும்பை உண்டாக்கலாம். உடுப்பில் அடிப்பதென்றால் பருத்தி நல்லது, மணத்தை நாள் முழுக்கப் பிடித்துவைத்திருக்கும். பட்டில் கறை படியும், அதற்குக் கிட்டவும் போகாதீர்கள். பட்டுச் சேலை உடுத்தும் நாளில் தோலில் அடித்து, காயவிட்டு, பிறகு உடுத்துங்கள்.

தலையில் மல்லிகைச் சரம் வைக்கும் நாளில் மல்லிகை சென்ட் வேண்டாம் என்பது என் பிடிவாதம். அசலுக்குப் பக்கத்தில் நகல் வெளுத்துப்போகும். அன்றைக்குச் சந்தனமோ ரோசாவோ போடலாம், அல்லது ஒன்றுமே வேண்டாம்.

கோயிலுக்கு அடித்துக்கொண்டு போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சென்ட்டில் பெரும்பகுதி அல்கஹோல், தீப்பிடிக்கும். வற்றாப்பளைப் பொங்கலில் கற்பூரச் சட்டிக்குக் கிட்ட நிற்கப் போகிறீர்கள் என்றால், அல்லது வீட்டில் விளக்குக் கொளுத்தப் போகிறீர்கள் என்றால், அடித்து நன்றாகக் காய்ந்த பிறகே போங்கள். சமையலடுப்புக்கும் இதுவே.

ஆஸ்பத்திரி வார்ட்டுக்கும், கைக்குழந்தை பார்க்கப் போகும் வீட்டுக்கும், மூச்சிழுப்பு உள்ளவர் பக்கத்திலும் வேண்டவே வேண்டாம். காட்டுக்குப் பாலைப்பழத்துக்கோ தேனுக்கோ போகிறவர்களும் அன்று சென்ட்டை வீட்டில் விட்டுவிடுங்கள். சில தித்திப்புச் சென்ட்களில் வாழைப்பழ மணத்துக்காக ஐசோஅமைல் அசற்றேற்றுப் போடுவதுண்டு. தேனீ கொட்டும்போது மற்றத் தேனீக்களைக் கூப்பிட விடும் அபாய மணமும் அதே பொருள்தான்.

மாரி காலத்தில் இதே சென்ட்டை இன்னொருமுறை பார்க்கவேண்டும். கச்சான் காற்றும் புழுதியும் உள்ள ஆடியில் பொருந்திய மெல்லிய பூ, மார்கழி ஈரத்தில் எடுபடாமல் போகலாம். கோடையில் கனமாக இருந்து ஒதுக்கியது மழைக்கு அருமையாக இருக்கலாம்.

எதை எடுத்துப் பார்க்கலாம்

பெயர் கேட்பவர்களுக்காகச் சிலது. யார்ட்லி 1770 இல் லண்டனில் தொடங்கிய பெயர். ரோசா, லவெண்டர் வகைகள் சவர்க்கார மணத்தை ஒட்டியவை, அதிகம் நிற்காது, ஆனால் வெய்யிலில் புளிக்காது. பள்ளிக்கூடத்துக்கும் கந்தோருக்கும் அதுவே போதும் என்பது என் அபிப்பிராயம். 4711 கொலோன் பூ சென்ட் என்று சொல்லமுடியாது, தோடம்பூவின் சாயல் மட்டும் உண்டு. காய்ச்சலுக்கு நெற்றியில் ஓடிக்கொலோன் வைத்து வளர்ந்தவர்களுக்குப் பழக்கமான வாசம். மத்தியான வெக்கைக்குக் குளிர்ச்சி. இப்போது எல்லாரும் கேட்கும் லத்தாஃபா நிறுவனத்தின் ‘யாரா’ என்ற சென்ட், பூவைவிட வனிலாவும் பழமும் கூடியது. இரவு விருந்துக்குச் சரி, பஸ்ஸுக்கு வேண்டாம்.

அத்தரையும் மறக்கவேண்டாம். மன்னார்ப் பக்கக் கடைகளிலும் திருவிழாக் கடைகளிலும் சின்னக் குப்பியில் கிடைக்கும். அல்கஹோல் இல்லை, எண்ணெய். காது மடலுக்குப் பின்னால் ஒரு தொடுகை போதும், தோலோடு ஒட்டி நீண்ட நேரம் மெதுவாக மணக்கும். உடுப்பில் பட்டால் எண்ணெய்க்கறை, அதுதான் தொல்லை.

பெரிய பெயர்களின் போத்தல் 2,000 ரூபாவுக்குக் கிடைத்தால் அது நகல். மூடி தளர்ந்திருக்கும், ஒட்டுக்கண்ணாடித் தாள் சுருங்கியிருக்கும், பெட்டியில் உள்ள தொகுதி இலக்கமும் போத்தலடி இலக்கமும் ஒத்துவராது. தெரியாத நகலைவிடத் தன் பெயரிலேயே வரும் மலிவுச் சென்ட் எவ்வளவோ மேல்.

வைக்கும் இடம்

சூடும் வெளிச்சமும் சென்ட்டைக் கெடுக்கும். தகரக் கூரை வீட்டில் அலுமாரியின் மேல்தட்டு மத்தியானத்தில் அடுப்புப்போலக் கொதிக்கும். கீழ்த்தட்டில், வந்த பெட்டிக்குள்ளேயே வையுங்கள். யன்னலோரமும் மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழேயும் கூடாது. இப்படி வைத்தால் திறந்த பிறகும் இரண்டு மூன்று வருடம் தாக்குப்பிடிக்கும். நிறம் கொஞ்சம் கறுத்தால் பயப்படவேண்டாம், வனிலா சேர்ந்தவை அப்படித்தான். முதல் அடியில் புளித்த வாடையோ வார்னிஷ் வாடையோ வந்தால் மட்டும் தோலில் போடாதீர்கள்.

வாங்கிய பிறகு பிடிக்காமல் போன போத்தல் கெடாமல் இருந்தால், ஒரு பஞ்சில் நாலு அடி அடித்துக் காயவிட்டு, போர்வை மடித்து வைக்கும் தட்டின் மூலையில் போடுங்கள்.